பளபளப்பு விளக்குடையது, நிறம் பொருளுடையது

பொருட்களைப் படம் எடுப்பது என் தொழில். பீங்கான், செம்பு, தோல், பட்டு, கண்ணாடி, சட்டம் போட்ட ஓவியம் என்று மேசைக்கு எது வந்தாலும், கையில் வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கிறதோ அப்படியே படத்திலும் இருக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பல வருடமாக இதையே செய்துவந்ததில், ஒளியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒரே விஷயத்துக்குள் அடங்கிவிடுகிறது. பெரும்பாலான பொருட்களிலிருந்து நம் கண்ணுக்கு இரண்டு விதமான ஒளி வருகிறது. ஒன்று, பொருளின் மேல்தோலில் பட்ட உடனே தெறித்து வருவது. மற்றது, உள்ளே கொஞ்சம் போய், அங்கிருக்கும் நிறமித் துகள்களுக்கு நடுவே அலைந்து, தன்னில் ஒரு பகுதியைப் பறிகொடுத்துவிட்டு வெளியே வருவது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கண் பழகிவிட்டால் படம் எடுப்பது மட்டுமில்லாமல், சுவருக்கு வண்ணம் தேர்ந்தெடுப்பது, துணிக்குத் துணி பொருத்துவது, விளக்கு வாங்குவது எல்லாமே சுலபமாகிவிடும்.

பழகுவதற்கு ஒரு பொருள் போதும். மெருகு ஏற்றிய சிவப்புப் பீங்கான் கோப்பை ஒன்றை ஜன்னலுக்குப் பக்கத்தில் வையுங்கள். கோப்பையின் வளைவில் அந்த ஜன்னல் ஒரு சின்ன வெள்ளைச் சதுரமாகத் தெரியும். உற்றுப் பார்த்தால் ஜன்னல் கம்பிகள்கூட வளைந்து வளைந்து தெரியும். அந்தச் சதுரத்தில் சிவப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். கோப்பை சிவப்பு, அதில் மின்னும் ஜன்னலோ வெள்ளை. இப்போது தலையை மெல்ல இடமும் வலமுமாக நகர்த்துங்கள். வெள்ளைச் சதுரம் உங்களோடு சேர்ந்து கோப்பையின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். சிவப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். நகர்வது மேல்தோல் ஒளி, நிற்பது உள்ளிருந்து வரும் ஒளி. உள்ளே போன ஒளியில் நீலத்தையும் பச்சையையும் நிறமி விழுங்கிவிடுவதால் மிச்சம் சிவப்பாக வருகிறது. மேல்தோலில் தெறித்த ஒளி நிறமியைத் தொடவே இல்லை. அதனால் விளக்கு என்ன நிறமோ அதே நிறத்தில் அது வருகிறது.

புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் கேமராவைத் தொடவிடாமல் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன். தலையை ஆட்டிப் பார்க்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டால், எந்தப் பொருளிலும் எது விளக்கின் பங்கு, எது பொருளின் பங்கு என்று தானாகவே தெரிய ஆரம்பிக்கும்.

அளவையும் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. சாதாரணக் கண்ணாடியை நேர் எதிரே நின்று பார்த்தால், அதன் ஒரு பரப்பு தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் தெறிக்கவிடும். மெருகும் வார்னிஷும் பெயின்டும் ஏறத்தாழ இதே அளவுதான். ஜன்னல் கண்ணாடிக்கு முன்னும் பின்னும் இரண்டு பரப்பு, ஆகவே 8 சதவீதம். சாய்ந்து பார்க்கப் பார்க்க இந்த அளவு ஏறும். பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 60 டிகிரி சாய்வில் ஒரு பரப்புக்கு 9 சதவீதம், 80 டிகிரியில் 39 சதவீதம். பரப்பை ஒட்டிக் கண்ணை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட முழுவதுமே தெறித்து வரும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கணக்கை வகுத்தவர் பிரான்ஸைச் சேர்ந்த ஒகுஸ்தான் ஃப்ரெனெல்.

பளிங்குத் தரை போட்ட நீளமான கூடத்தில் இதை அப்படியே பார்க்கலாம். காலடியில் கல்லின் நிறமும் கோடுகளும் தெளிவாக இருக்கும். தூரத்துக் கோடியில் கல்லே தெரியாது, எதிர்ச்சுவரும் ஜன்னலும்தான் தெரியும். கல் ஒன்றுதான், பார்க்கும் சாய்வுதான் வேறு. அதனால் பொருளின் நிறம் வேண்டும் என்றால் கேமராவை உயர்த்தி மேலிருந்து பாருங்கள். பளபளப்பு வேண்டும் என்றால் கேமராவைத் தாழ்த்துங்கள். விளக்கைத் தொடாமலே படத்தின் தன்மை மாறிவிடும்.

இந்த 4 சதவீதம்தான் கறுப்புப் பொருட்களை இத்தனை கஷ்டமானவையாக ஆக்குகிறது. வெள்ளைப் பெயின்ட் உள்ளிருந்து 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். அந்த வெளிச்சத்துக்கு நடுவே மேல்தோலின் 4 சதவீதம் எடுபடாது. பளபளப்பான கறுப்பில் உள்ளிருந்து வருவது ஏறக்குறைய ஒன்றும் இல்லை. கண்ணுக்கு வருவதெல்லாம் மேல்தோல் ஒளிதான். கறுப்புக் காரில் விரல் ரேகையும் துணியால் துடைத்த சுழலும் அப்பட்டமாகத் தெரிவதும், வெள்ளைக் காரில் அவை இருந்தும் கண்ணில் படாததும் இதனால்தான்.

ஒருமுறை கறுப்பு அரக்கு மெருகு ஏற்றிய மரப்பெட்டி ஒன்று வந்தது. மூடியில் மிக மெல்லிய செதுக்கு வேலை. நேராக விளக்கைக் காட்டினால் ஒரு இடத்தில் கண் கூசும் வெள்ளைப் புள்ளி, மற்ற இடமெல்லாம் இருட்டு. இந்த மாதிரிப் பொருளுக்கு நான் செய்வது இதுதான்: கேமராவை ட்ரைபாடில் நிலையாக வைத்துவிட்டு, பெட்டியின் மூடி மேல் ஒரு சின்ன முகக்கண்ணாடியைப் படுக்க வைப்பேன். பிறகு லென்ஸ் வழியாகப் பார்ப்பேன். அந்தக் கண்ணாடியில் எது தெரிகிறதோ அதைத்தான் மூடியும் காட்டப்போகிறது. அன்று தெரிந்தது எதிர்ச்சுவரும் மேல்கூரையும் சேரும் மூலை. அந்த மூலையை மறைத்து ஒரு பெரிய வெள்ளைத் தெர்மாகோல் பலகையைச் சாய்த்து நிறுத்தினேன். விளக்கைப் பெட்டியிலிருந்து திருப்பிப் பலகையின் ஒரு ஓரத்தில் மட்டும் விழச் செய்தேன். பலகை ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் போகப் போக மங்கலாகவும் ஆனது. அதே ஏற்ற இறக்கம் மூடியின் மேல் அப்படியே வந்து படிந்தது. செதுக்கிய இடங்களில் சாய்வு மாறுவதால் அவை பலகையின் வேறு வேறு பகுதியைக் காட்டி, கோடு கோடாக எழுந்து நின்றன. பெட்டியின் முன்பக்கம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தது; அங்கே ஒரு கறுப்புத் துணியை விரித்ததும் மூடிக்கும் முன்பக்கத்துக்கும் நடுவே விளிம்பு தெளிவாகப் பிரிந்தது. பளபளப்பான பொருளுக்கு ஒளி அமைப்பது என்றால் அந்தப் பொருள் பார்க்கும் உலகத்துக்கு ஒளி அமைப்பது என்று அர்த்தம். பெட்டிமேல் நேராக ஒரு விளக்கும் இல்லாமலே அந்தப் படம் முடிந்தது.

விளக்கின் அளவைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் விளக்கின் சக்தியைக் கூட்டிக் குறைத்தே நேரத்தைச் செலவழிக்கிறார்கள். பொருளின் மேல் தெரியும் வெள்ளைத் திட்டு என்பது விளக்கின் பிம்பம். சின்ன விளக்கு என்றால் சின்னதாக, கண் கூசும்படி இருக்கும். அதே விளக்குக்கு முன்னால் ட்ரேசிங் பேப்பரை அகலமாக நிறுத்தினால், அந்தப் பேப்பர்தான் இப்போது விளக்கு. பொருளின் மேல் விழும் மொத்த ஒளி அதே அளவு என்று வைத்துக்கொண்டால், அதன் நிறம் அதே வெளிச்சத்தில் இருக்கும். ஆனால் திட்டு பெரிதாகி, பெரிதான அளவுக்கு மங்கிவிடும். பேப்பரின் பரப்பு இரண்டு மடங்கானால் திட்டின் கூச்சம் பாதியாகும். தூரத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. விளக்கைத் தள்ளிக்கொண்டு போனால் பொருளின் நிறம் வேகமாக இருண்டுகொண்டே போகும், தூரம் இரு மடங்கானால் கால் பங்காகிவிடும். திட்டோ சிறிதாகுமே தவிர அதன் கூச்சம் குறையாது. ஆகவே கூச்சம் தாங்க முடியவில்லை என்று விளக்கைத் தூரத் தள்ளுவது நேர் எதிரான வேலை. ட்ரேசிங் பேப்பரைப் போட்டு, படத்துக்குள் வராத அளவுக்குக் கிட்டே கொண்டுவாருங்கள். நிறம் எழும், கூச்சம் அடங்கும்.

மேட், அதாவது பளபளப்பு இல்லாத பரப்புகளுக்கு வருவோம். மேட் என்றால் மேல்தோல் ஒளி இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதே 4 சதவீதம் அங்கேயும் தெறிக்கிறது. பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் மேடும் பள்ளமுமாக இருப்பதால், ஒரு திசையில் போகவேண்டியது எல்லாத் திசையிலும் சிதறிவிடுகிறது. அதனால் திட்டு தெரியாது. அதற்குப் பதிலாக நிறம் முழுவதன் மேலும் ஒரு வெண்மை படர்ந்திருக்கும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்த வெண்மை கூடவே இருக்கும், ஒதுக்க முடியாது. அடர்ந்த நீலமோ அடர்ந்த சிவப்போ மேட் பரப்பில் ஒரு படி வெளுத்துத் தெரிவது இதனால்தான்.

கூழாங்கல்லை நனைத்துப் பாருங்கள். உலர்ந்திருக்கும்போது சாம்பல் பூத்துக் கிடந்த கல், நனைந்ததும் கருஞ்சிவப்பும் பச்சையும் வெள்ளை நரம்புமாக விழித்துக்கொள்ளும். நீர் பள்ளங்களை நிரப்பி மேல்தோலை வழவழப்பாக்கிவிடுவதால், எல்லாப் பக்கமும் சிதறிக்கொண்டிருந்த வெண்மை ஒரே திசையில் ஒதுங்கிவிடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. காற்றுக்கும் கல்லுக்கும் இடையே இருக்கும் ஒளிவிலகல் வித்தியாசத்தைவிட நீருக்கும் கல்லுக்கும் இடையே இருப்பது குறைவு. அதனால் ஒளி இன்னும் ஆழமாக உள்ளே போகிறது, வெளியே வருமுன் அதிகமாக விழுங்கப்படுகிறது. நனைந்த துணியும் மண்ணும் கறுப்பதும், எண்ணெய் பட்ட காகிதத்தில் அந்த இடம் மட்டும் ஒளி ஊடுருவுவதும் இதே காரணத்தால்தான். மரத்துக்கு வார்னிஷ் அடித்ததும் நிறம் ஆழமாவதும் இந்தக் கணக்கில் சேரும். மரவேலை செய்பவர்கள் வார்னிஷ் அடித்த பிறகு மரம் எப்படித் தெரியும் என்று பார்க்க ஈரத்துணியால் ஒரு துடைப்பு துடைத்துப் பார்ப்பார்கள், நல்ல முறை.

வீட்டுக்குப் பெயின்ட் எடுக்கிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. ஒரே ஷேடை மேட் ஃபினிஷிலும் பளபளப்பான ஃபினிஷிலும் அடித்தால் இரண்டும் ஒரே நிறமாகத் தெரியாது. முதலில் எந்த ஃபினிஷ் என்று முடிவு செய்துவிட்டு அதிலேயே ஷேடைப் பாருங்கள். அட்டையில் இருக்கும் ஃபினிஷ் வேறு, நீங்கள் அடிக்கப்போவது வேறு என்றால் அந்த அட்டையை நம்பிப் பயனில்லை. சுவரின் பட்டி வேலை எப்படி என்று பார்க்க, சுவரை ஒட்டி ஒரு டார்ச்சைப் பிடித்து ஒளியைச் சுவர் நெடுக ஓடவிடுங்கள். நேராகப் பார்க்கும்போது சமமாகத் தெரிந்த சுவரில் ஒவ்வொரு மேடும் நிழல் போட்டு நிற்கும். ஜன்னலை ஒட்டிய சுவர்களில் பகல் முழுக்க இப்படிச் சாய்ந்த ஒளிதான் விழும். அங்கே பளபளப்பான பெயின்டை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன்.

மேல்தோல் ஒளியைத் தனியாக வடிகட்ட ஒரு கருவி இருக்கிறது. போலரைசர், ஒரே ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி. கண்ணாடி, நீர், வார்னிஷ், தோல், இலை போன்ற உலோகமல்லாத பரப்புகளில் சாய்ந்து தெறிக்கும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வதாக மாறிவிடுகிறது. குறிப்பிட்ட ஒரு சாய்வில் முழுவதுமே அப்படி ஆகிவிடும்; செங்குத்துக் கோட்டிலிருந்து கணக்கிட்டால் கண்ணாடிக்குச் சுமார் 56 டிகிரி, நீருக்கு 53 டிகிரி. இந்தக் கோணத்துக்கு இயற்பியலாளர் டேவிட் ப்ரூஸ்டரின் பெயர். அந்தச் சாய்வில் நின்று போலரைசரைத் திருகினால் ஒரு இடத்தில் மினுக்கம் அணைந்து, உள்ளே இருப்பது மட்டும் தெரியும்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு சி.வி.ராமன் நினைவு வரும். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று இயற்பியலாளர் ரேலி போன்ற பெரியவர் சொல்லியிருந்த காலம் அது. 1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும் வழியில், ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தைக் கண்ணுக்கு முன் பிடித்து, மேற்பரப்பில் தெறிக்கும் வான ஒளி அணையும் கோணத்தில் கடலைப் பார்த்தார். நிக்கோல் பட்டகம் என்பது அந்தக் காலத்துப் போலரைசர். வானத்தின் பிரதிபலிப்பை நீக்கிய பிறகும் கடல் நீலமாகவே இருந்தது, முன்னைவிடத் தெளிவாக. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற அந்த எண்ணத்தின் வழியே போய்த்தான் 1928இல் ராமன் விளைவும், 1930இல் நோபல் பரிசும் வந்தன. மேல்தோல் ஒளியை உள்ளொளியிலிருந்து பிரித்துப் பார்த்த அந்தச் செயலைத்தான் ஒரு ஓவியத்தைப் படம் எடுக்கும்போது நானும் செய்கிறேன் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம் உண்டு.

ஓவியத்துக்கு என் முறை இது. இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு. இரண்டு விளக்குக்கும் முன்னால் போலரைசிங் தாள், அதிர்வுத் தளம் ஒரே திசையில் இருக்கும்படி. லென்ஸில் போலரைசரை அதற்குக் குறுக்காகத் திருகினால் மேல்தோல் ஒளி எல்லாம் போய்விடும். வார்னிஷில் இருந்த வெண்திட்டுகள் மறைந்து, இருட்டில் முங்கிக் கிடந்த பழுப்பும் கருநீலமும் தனித்தனியாகப் பிரிந்து வரும். ஆனால் எண்ணெய் ஓவியத்துக்கு முழுவதும் குறுக்காகத் திருகுவதில் எனக்கு உடன்பாடில்லை. தூரிகை இழுத்த தடமும் வண்ணத்தின் தடிப்பும் தெரிவதே அந்தச் சின்னச் சின்ன மினுக்கங்களால்தான். அவை போனால் ஓவியம் அச்சடித்த தாளாகிவிடும். கொஞ்சம் பின்னால் திருகி, தடிப்பான இடங்களில் மட்டும் லேசாக மினுங்க விட்டுவிடுவேன். நிறத்தை அளந்து ஆவணப்படுத்த வேண்டும் என்று கேட்டால் மட்டும் முழுக் குறுக்கில் ஒன்று தனியாக எடுத்துக்கொடுப்பேன்.

உலோகத்துக்கு இந்த இரண்டு ஒளிக் கணக்கு பொருந்தாது. உலோகத்துக்கு உள்ளொளியே கிடையாது, வருவதெல்லாம் மேல்தோலிலிருந்துதான். நிறமும் அந்த மேல்தோல் ஒளியிலேயே இருக்கிறது. வெள்ளியும் அலுமினியமும் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் தெறிக்கவிடும். தங்கமும் செம்பும் நீலத்தை விழுங்கிவிட்டு மஞ்சளையும் சிவப்பையும் திருப்பும். ஆகவே மஞ்சள் பிளாஸ்டிக் உருண்டையில் மின்னும் புள்ளி வெள்ளை, தங்க உருண்டையில் மின்னும் புள்ளி மஞ்சள். ஓவியம் வரைகிறவர்களுக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும்: தங்கத்தை வரையும்போது மினுக்கத்துக்கு வெறும் வெள்ளையை வைத்தால் அது பிளாஸ்டிக் ஆகிவிடும். விளிம்புகளில் மட்டும் விதிவிலக்கு. மிகச் சாய்ந்து பார்க்கும் இடத்தில் செம்புகூட எல்லா நிறத்தையும் திருப்புவதால் அதன் ஓரங்கள் வெளுத்திருக்கும்.

செம்புக் குடுவை ஒன்றைப் படம் எடுக்கிறீர்கள் என்றால் உண்மையில் எடுப்பது அறையைத்தான், செம்பு நிறத்தில். நீங்கள் போட்டிருக்கும் சட்டையும் அதில் வரும். வேலை நாட்களில் நான் சாம்பல் அல்லது கறுப்பு உடைதான் போடுவேன். சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டிக் கூடாரம் போட்டு எடுப்பது வழக்கமான யோசனை. அதை மட்டும் செய்தால் உலோகம் செத்துப்போய்விடும், சுண்ணாம்பு பூசியதுபோல. உலோகம் உலோகமாகத் தெரிய வெள்ளைக்குப் பக்கத்தில் கறுப்பு வேண்டும். கூடாரத்துக்குள் இரண்டு பக்கமும் ஒல்லியான கறுப்பு அட்டைப் பட்டைகளை நிறுத்துங்கள். குடுவையின் வளைவில் அவை கருங்கோடுகளாக ஓடி, உருளை வடிவம் உடனே எழுந்துவிடும். போலரைசரும் இங்கே கைகொடுக்காது. உலோகத்தில் தெறிக்கும் ஒளி அப்படி ஒரு தளத்துக்குள் அடங்குவதில்லை. விளக்கிலேயே தாளை மாட்டினால் மட்டும் வேலை செய்யும்.

கண்ணாடிப் பாத்திரத்துக்கு விளிம்புதான் உருவம். பின்னால் வெளிச்சமான வெள்ளைப் பலகை, அது படச்சட்டத்தை மட்டும் நிரப்பும் அளவுக்கு. அதைச் சுற்றி இருட்டு. விளிம்புகள் ஒளியை வளைத்து அந்த இருட்டை உள்ளே கொண்டுவருவதால் கண்ணாடி கருங்கோட்டால் வரைந்ததுபோல நிற்கும். பலகையைக் கறுப்பாக்கி, சுற்றிலும் வெளிச்சம் வைத்தால் அப்படியே நேர்மாறு.

பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம் என நெய்த பட்டு, மயில் இறகு, சிடி இவற்றில் கோணத்துக்கு ஏற்ப நிறமே மாறும். மயில் இறகின் நீலமும் பச்சையும் நிறமியால் வருவது இல்லை. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய இடைவெளிகளில் அடுக்கப்பட்ட நுண்ணிய அமைப்பால் வருபவை. பட்டிலோ கண்ணுக்கு எந்த இழை அதிகம் முகம் காட்டுகிறதோ அந்த நிறம் மேலோங்கும். இவற்றை ஒரே படத்தில் உண்மையாகக் காட்ட முடியும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். பட்டை மடிப்பு மடிப்பாகப் போட்டு எடுங்கள், இரண்டு நிறமும் ஒரே படத்தில் வந்துவிடும்.

இதுவரை விளக்கை ஏதோ ஒரு வெள்ளை ஒளி என்றே வைத்துப் பேசினேன். அந்த வெள்ளைக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் நிறத்தைத் தீர்மானிக்கும். நிறமி எதையும் உண்டாக்குவதில்லை, வந்ததிலிருந்து கழிக்க மட்டுமே செய்கிறது. வராத நிறத்தை எந்தப் பொருளாலும் காட்ட முடியாது. குறைந்த அழுத்தச் சோடியம் விளக்கு 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மஞ்சளை மட்டுமே தரும். அதன் கீழே நீலத் துணியும் சிவப்புத் துணியும் கருமையின் வெவ்வேறு படிகளாகிவிடும். எல்இடி அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் பெரும்பாலானவை ஒரு நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் என்ற பொருளைப் பூசி வெள்ளை ஆக்கப்பட்டவை. மலிவானவற்றில் ஆழ்ந்த சிவப்பு குறைவாக இருக்கும். அந்த ஒளியில் முகம் சோகை பிடித்ததுபோலவும், சிவப்புத் துணி பழுப்பேறியும் தெரியும். ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்வதற்காகப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் சிஆர்ஐ எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. அந்தப் பொது எண் 8 மிதமான நிறங்களின் சராசரி. அடர்சிவப்பு அதில் சேராது, அது ஆர்9 என்ற தனி எண். நிறம் பார்க்கும் இடத்துக்கு விளக்கு வாங்குகிறீர்கள் என்றால் ஆர்9 எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

கடையில் பார்க்கும்போது ஒன்றாக இருந்த மேல்துணியும் கால்துணியும் வெயிலில் வந்ததும் இரண்டு நிறமாகிவிடுவது பலருக்கும் நடந்திருக்கும். இரண்டும் வேறு வேறு சாயம். ஒரு விளக்கின் கீழ் கண்ணுக்கு ஒரே விளைவைத் தரும்படி கழிக்கின்றன, விளக்கு மாறினால் கணக்கு மாறிவிடுகிறது. கடை விளக்கில் ஒருமுறை, வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை, மஞ்சள் பல்பில் ஒருமுறை என்று மூன்றிலும் ஒத்துப்போனால்தான் பொருத்தம். வெள்ளைத் துணிக்கும் காகிதத்துக்கும் இன்னொரு சிக்கல். அவற்றில் சேர்க்கும் வெண்மையூட்டி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீல ஒளியாக வெளியிடும். புற ஊதா இல்லாத எல்இடி விளக்கில் அந்தக் கூடுதல் வெண்மை வராது. வெயிலில் பளிச்சென்ற இரண்டு வெள்ளையில் ஒன்று அறைக்குள் பழுப்பாகத் தெரிந்தால் துணியைக் குறை சொல்ல வேண்டாம்.

படம் எடுப்பவர்களுக்கு இங்கே ஒரே ஒரு கட்டளை: ஜன்னல் ஒளியையும் அறை விளக்கையும் கலக்காதீர்கள். ஒரே நிற ஒளி என்றால் சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துப் பிறகு முழுவதையும் சரிசெய்துவிடலாம். இரண்டு கலந்தால் கோப்பையின் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் ஆரஞ்சு. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும்.

கடைசியாகச் சுவர். இதைப் பற்றித்தான் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். உள்ளங்கை அகல அட்டையில் இதமாக இருந்த மஞ்சள், நான்கு சுவரிலும் ஏறியதும் ஏன் இத்தனை காட்டமாகிறது? ஒரு சுவரில் பட்ட ஒளி எதிர்ச்சுவரில் படுகிறது, அங்கிருந்து மறுபடி இங்கே வருகிறது. ஒவ்வொரு முறையும் அதே நிறமி அதே நிறத்தைக் கழிக்கிறது. நீலத்தில் பாதியைத் திருப்பும் சுவர் என்றால் இரண்டாவது தெறிப்பில் நீலம் கால் பங்கு, மூன்றாவதில் அரைக்கால். மஞ்சளோ அவ்வளவு குறைவதில்லை. அதனால் அறையின் மூலைகளில் நிறம் அடர்ந்து நிற்கும். அட்டையில் பிடித்ததைவிட ஒரு படி வெளிறிய, ஒரு படி சாம்பல் கலந்த ஷேடை எடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரின் கன்னத்தில் பச்சை ஏறுவதும் இதே விஷயம். படங்களில் அது அசிங்கமாகத் தெரியும், ஒரு வெள்ளைப் பலகையை நடுவே நிறுத்தினால் போய்விடும்.

பக்கத்து நிறமும் கண்ணை மாற்றும். 1824 முதல் பாரிஸின் கோபலின் நெசவாலையில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட வேதியியலாளர் மிஷெல் யூஜென் ஷெவ்ரல், கறுப்பு நூலின் சாயம் சரியில்லை என்று வந்த புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பை அப்படிக் காட்டின என்று கண்டுகொண்டார். அதனால் பழைய சுவர் நிறத்தின் மேலேயே புது ஷேடைச் சின்னத் திட்டாக அடித்துப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. பழைய நிறம் புதியதைத் தனக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளிக் காட்டும்.

நான் செய்யச் சொல்வது இதுதான். இரண்டு கையையும் விரித்த அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பலகையில், ஓரத்தில் வெள்ளை விட்டு, அடிக்கப்போகும் ஃபினிஷிலேயே இரண்டு கோட்டிங் அடியுங்கள். காய்ந்ததும் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒருநாள், ஜன்னல் இருக்கும் சுவரிலேயே ஒருநாள், மூலையில் ஒருநாள் சாய்த்து வையுங்கள். காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என்று பாருங்கள். அந்தி மங்கும் நேரத்திலும் ஒரு பார்வை வேண்டும். வெளிச்சம் மிகக் குறையும்போது நம் கண் அதிகம் உணரும் அலைநீளம் 555 நானோமீட்டர் பச்சையிலிருந்து 507 நானோமீட்டரை நோக்கி நகர்ந்துவிடும். சிவப்பும் செங்கல் நிறமும் கறுத்து, நீலமும் பச்சையும் எழும். புர்கின்யே என்ற செக் அறிஞரின் பெயரால் அறியப்படும் மாற்றம் இது. மாலையில் விளக்கைத் தாமதமாகப் போடும் பழக்கம் உள்ள வீட்டில், வரவேற்பறைக்கு அடர்சிவப்பைத் தேர்ந்தெடுக்குமுன் இதைக் கட்டாயம் பார்த்துவிட வேண்டும். அறையில் 2700 கெல்வின் மஞ்சள் ஒளியும் 6500 கெல்வின் நீலவெண்மை ஒளியும் கலந்து இரண்டு வித விளக்கு இருந்தால், பலகையைக் கொண்டுவருமுன் அவற்றை ஒரே வகையாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே சுவரில் இரண்டு மஞ்சள் தெரியும், எந்தப் பெயின்ட் கம்பெனியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.